பத்திரிகைகள் பதில் போடவில்லை என்று கேட்டவருக்கு

நகர உணவைப் பற்றி மூன்று பத்திரிகைகளுக்குக் கட்டுரை யோசனை அனுப்பியும் பதிலே இல்லை என்கிறீர்கள். அவர்களுக்கு நீங்கள் போட்டிருந்த கடிதத்தைப் படித்தேன், சிக்கல் முதல் வரியிலேயே இருக்கிறது. 'ஒரு நகரத்தின் தெருவோர உணவுகள்' என்பது வெறும் தலைப்பு, கதை இல்லை. ஆனால் நாலாவது பத்தியில், கடை மூடும் நேரத்தில் சமையல்காரர் மீந்த மாவை அளந்து நோட்டில் குறித்துக்கொள்கிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கட்டுரை! ஏன் குறிக்கிறார், எத்தனை வருஷமாக, அந்த நோட்டை வேறு யார் பார்ப்பார்கள் என்று திரும்பப் போய்க் கேளுங்கள். அதைக் கடிதத்தின் மேலே தூக்கி வைத்து, நீங்கள் முன்பு எழுதிய கட்டுரைகளில் இரண்டை மட்டும் இணைத்து, பத்திரிகையில் உணவுப் பகுதியைப் பார்க்கும் ஆசிரியருக்கே அனுப்புங்கள். அப்புறம், சரி என்றார்களானால், கட்டுரை வெளிவராமல் போனாலும் எவ்வளவு தருவார்கள் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள்.