கீரையிலும் அரிசியிலும் கன உலோகம் எப்படி வருகிறது?

ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் போன்றவற்றைத்தான் கன உலோகம் என்கிறோம். மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பதை வேர் உறிஞ்சிவிடும். தனக்கு வேண்டிய துத்தநாகம் எது, வேண்டாத காட்மியம் எது என்று செடிக்குச் சரியாகப் பிரிக்கத் தெரியாது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலந்ததால் நம் பக்கம், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகம் பற்றிய கவலையும் உண்டு. 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

உடம்பில் இவை உண்டியல் காசு மாதிரி சேரும். சிறுநீரகத்தில் தங்கிய காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டு ஆகும். அதனால்தான் சிறு அளவு என்று விட்டுவிட முடியாது, குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

கீரையை மண் போக மூன்று நாலு தண்ணீரில் அலசுங்கள். நல்ல தண்ணீர் நிறைய விட்டுச் சோறு வடித்தால் ஆர்சனிக் ஓரளவு கஞ்சியோடு போகும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் உலோகம் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது, கொதிப்பதில் சாவது கிருமிதான், தண்ணீர் சுண்டச் சுண்ட உலோகத்தின் செறிவு கூடவே செய்யும்.