9900 என்று அச்சிட்டால் 9900 ஆகிவிடுமா?

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மின்சிகரெட் பேட்டரியைப் பற்றியவை. இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே கருவியைக் கையில் வைத்திருப்பவர்களுக்கே இந்தப் பதில்கள்.

கேள்வி: என் கருவியில் கழற்றி மாட்டும் 18650 பேட்டரி இருக்கிறது. அதில் கொள்ளளவு, அதாவது எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்பது, 2500 என்று போட்டிருக்கிறது. இணையத்தில் அதே அளவில் 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். 18650 என்பது அளவைச் சொல்லும் பெயர். விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர், கடைசிச் சுழியம் உருளை வடிவத்துக்கு. இந்தக் குப்பிக்குள் நல்ல நிறுவனங்களே 3500, 3600-க்கு மேல் அடைக்கத் திணறுகின்றன. ஒரு படியில் மூன்று படி அளக்க முடியுமா? சந்தேகம் இருந்தால் தராசில் வைத்துப் பாருங்கள். அசல் பேட்டரி 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். போலி பெரும்பாலும் எடையிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: அந்தப் பேட்டரி சூடேறாமல் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் கொடுக்கும்? கொள்ளளவும் மின்னோட்டமும் ஒரே குப்பிக்குள் இடத்துக்குப் போட்டி போடுபவை. கொள்ளளவைக் கூட்ட உள்ளே மின்முனைப் பூச்சைத் தடிமனாக்குகிறார்கள். அதனால் உள்மின்தடை கூடுகிறது, அள்ளிக் கொடுக்கும் வேகம் குறைகிறது. சாம்சங் 25ஆர் வகை 2500 மில்லி ஆம்பியர்-மணிதான், ஆனால் 20 ஆம்பியர் தாங்கும். 3500 வகைகள் பொதுவாக 10 ஆம்பியரோடு நின்றுவிடும்.

கட்டுப்பாட்டுச் சுற்று எதுவும் இல்லாத கருவியில் 0.2 ஓம் மின்தடையுள்ள சூடேற்றும் சுருளைப் பொருத்தினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். முழு சார்ஜில் பேட்டரி 4.2 வோல்ட். 4.2-ஐ 0.2-ஆல் வகுத்தால் 21 ஆம்பியர். பத்து தாங்கும் பேட்டரியிடம் இருபத்தொன்று கேட்கிறீர்கள். கேட்டால் கொடுக்கும், கொதித்துக்கொண்டே கொடுக்கும். உறையில் 35, 40 ஆம்பியர் என்று மின்னும் எண்களில் மயங்க வேண்டாம். அவை பெரும்பாலும் ஓரிரு நொடித் துடிப்புக்கான எண்கள். தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் ‘தொடர் மின்னோட்டம்’ என்ற வரியை மட்டும் பாருங்கள்.

இதையும் சொல்லியாக வேண்டும். பெரிய பேட்டரி தயாரிப்பாளர்கள் பலர், உதிரியாக விற்கப்படும் இந்தப் பேட்டரிகளை மின்சிகரெட்டில் போட வேண்டாம் என்றே எச்சரிக்கிறார்கள். பாதுகாப்புச் சுற்றோடு சேர்ந்த தொகுப்புக்குள் இருக்கவே அவற்றைச் செய்கிறார்களாம்.

கேள்வி: என் கருவி 80 வாட். திரையில் பாதிச் சார்ஜ் காட்டும்போதே ‘பேட்டரி குறைவு’ என்று நின்றுவிடுகிறது. கருவி பழுதா?

கருவியைச் சந்தேகிக்குமுன் பேட்டரியைச் சந்தேகியுங்கள். சுற்றுப்பலகை உள்ள கருவிகள் ஒரு விசித்திரம் செய்கின்றன: பேட்டரி இறங்க இறங்க அதிகமாக உறிஞ்சுகின்றன. 80 வாட் வேண்டுமென்றால், 4.2 வோல்ட் இருக்கும்போது 19 ஆம்பியர் போதும். 3.2 வோல்ட்டுக்கு இறங்கினால் 25 தேவை. சுற்றில் பத்து சதவீதம் வீணாவதாக வைத்துக்கொண்டால் 28-ஐத் தொடும். களைத்த மாட்டுக்குத்தான் அதிகப் பாரம்.

பேட்டரி பழசாகும்போது உள்மின்தடை வளர்கிறது. அது 40 மில்லி ஓம் ஆகிவிட்டது என்று கொண்டால், 25 ஆம்பியர் இழுக்கும்போது ஒரு வோல்ட் உள்ளேயே தொலைந்துபோகிறது. இழுக்காதபோது 3.7 காட்டும் பேட்டரி, பொத்தானை அழுத்தியதும் 2.7-க்குச் சரிகிறது, கருவி பயந்து நிறுத்திவிடுகிறது. நிறுத்துவதுதான் அதன் வேலை. 40 வாட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். கடைசிவரை ஓடினால் பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு பேட்டரி போடும் கருவி என்றால் இரண்டையும் ஒன்றாக வாங்கி, ஒன்றாகவே சார்ஜ் செய்து, ஒன்றாகவே ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: பெட்டியோடு வந்த கேபிளில் சார்ஜ் ஆகிறது. இரு முனையும் டைப்-சி உள்ள கைப்பேசிக் கேபிளில் ஆகவே இல்லை. ஏன்?

தயாரிப்பாளரின் கஞ்சத்தனம். டைப்-சி துளை வைத்த கருவி, ‘நான் மின்சாரம் வாங்க வந்திருக்கிறேன்’ என்று சார்ஜருக்குச் சொல்ல 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு வேண்டும். அவற்றை விட்டுவிட்டால் சார்ஜர் வாயே திறக்காது. பெட்டியோடு வந்த கேபிளின் பழைய அகலமான யூஎஸ்பி முனை எதையும் கேட்காமல் 5 வோல்ட்டைக் கொடுத்துவிடுவதால் அதில் மட்டும் வேலை செய்கிறது. ஆபத்தில்லை, பழைய கேபிளையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சில்லறை உதிரியிலேயே மிச்சம் பிடித்தவர் உள்ளே இன்னும் எதில் மிச்சம் பிடித்தாரோ என்று எனக்குத் தோன்றும். வாங்குமுன் கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது.

கேள்வி: இரவு முழுவதும் சார்ஜில் விடலாமா?

விடாதீர்கள். 4.2 வோல்ட் வந்ததும் சார்ஜ் தானாக நிற்க வேண்டும், நல்ல கருவியில் நிற்கும். நிற்காமல் போகும் அந்த ஒருநாள் நீங்கள் விழித்திருக்க வேண்டும், கருவி மெத்தைமேல் இல்லாமல் கடினமான தரைமேல் இருக்க வேண்டும்.

கேள்வி: உதிரி பேட்டரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விமானத்தில் போகலாமா?

முதலில் சட்டைப்பை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை திரட்டிய 195 மின்சிகரெட் விபத்துகளில் 61, கருவியோ உதிரி பேட்டரியோ உடுப்பின் பையில் கிடந்தபோது நடந்தவை. உருளை பேட்டரியின் உடல் முழுவதுமே எதிர்மின்முனை (மைனஸ்). மெல்லிய பிளாஸ்டிக் உறைதான் காவல். உறை கிழிந்து, சாவிக்கொத்தோ சில்லறையோ அதையும் நேர்மின்முனையையும் (பிளஸ்) சேர்த்துத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். எனவே உதிரி பேட்டரிக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள், கிழிந்த உறையோடு பயன்படுத்தாதீர்கள்.

விமானத்தில் கருவியும் உதிரி பேட்டரியும் கைப்பையில்தான் வர வேண்டும். ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக்கூடாது, விமானத்துக்குள் சார்ஜ் செய்யவும் கூடாது. இறங்கும் நாட்டில் கருவிக்கே தடை உண்டா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். சிங்கப்பூரில் அதை வைத்திருப்பதே குற்றம்.