குளிர்கடல் சுவரில் இறங்குவது: ஊர்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

சொந்த ஊர் உவரி. கனடாவில் வான்கூவர் தீவின் வடகோடியில், கடலுக்கடியில் செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர்களில், காற்றுச் சிலிண்டரைச் சுமந்து ஸ்கூபா டைவிங் செய்கிறேன்.

திசையன்விளை: அண்ணாச்சி, அவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் என்ன இருக்கும்?

நம் ஊர்க் கடலடிப் பாறைத்திட்டான பாரைவிட நெருக்கமாக உயிர் இருக்கும் தம்பி. தண்ணீர் 7 முதல் 10 டிகிரிதான். ஆனால் தீவுகளுக்கிடையே நீவாடு (கடல் நீரோட்டம்) வேகமாக ஓடி, அடியில் கிடக்கும் சத்தை மேலே கிளறிவிடுகிறது. அதில் பெருகும் நுண்ணுயிர்களைத் தின்ன வெள்ளைக் கடற்சாமந்தியும் சிவப்பு மென்பவளமும் கைவைக்க இடமில்லாமல் சுவரை மூடியிருக்கும். பொந்துக்குள் ராட்சதப் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்). விளக்கு கட்டாயம் வேண்டும். ஆழத்தில் சிவப்பு கருப்பாகத்தான் தெரியும்.

வள்ளியூர்: நீச்சல் தெரியாது. இறங்கலாமா?

முதலில் நீந்தப் பழகுங்கள்.

பாளையங்கோட்டை: சுவரில் எது ஆபத்து?

காலுக்குக் கீழே தரை இல்லாததுதான். வேடிக்கை பார்த்துக்கொண்டே இறங்கிவிடுவோம். 40 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல ஐந்து மடங்கு. சிலிண்டரும் ஐந்து மடங்கு வேகத்தில் காலியாகும். 30 மீட்டர் தாண்டினால் நைட்ரஜன் போதைபோலக் கிறக்கும். ஆழமானியை அடிக்கடி பாருங்கள். மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது.

இடிந்தகரை: எங்க தாத்தா மூச்சடக்கித்தானே சங்கு குளித்தார்? நீங்க சொல்றது தப்பு.

தாத்தா செய்ததும் சரி, நான் சொல்வதும் சரி. அவர் மேலே இழுத்த ஒரே மூச்சோடு இறங்கினார். 10 மீட்டரில் அந்தக் காற்று பாதியாகச் சுருங்கும்; மேலே வந்ததும் பழைய அளவுக்கு விரியும், அவ்வளவுதான். ஸ்கூபாவில் 10 மீட்டரிலேயே நெஞ்சு நிறைய இழுக்கிறோம். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்து, காற்றுக்குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும்.

தூத்துக்குடி: அப்போ கம்ப்ரசர் குழாயைக் கடித்துச் சங்கு எடுக்கிறவர்களுக்கு?

அதே ஆபத்து. அதுவும் ஆழத்தில் இழுக்கும் காற்றுதானே. கூடவே இன்ஜின் புகை குழாயில் ஏறினால் அடியிலேயே மயக்கம் வரும். இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரையும் நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

மணப்பாடு: ஐந்து மீட்டர்தானே, அங்கே அடக்கலாமா?

மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன், அடக்காதீர்கள். மேல்மட்டத்தில்தான் காற்று வேகமாக விரியும். ஒன்றிரண்டு மீட்டரே போதும் நுரையீரல் கிழிய.

கூடங்குளம்: மூச்சடக்கினால் காற்று மிச்சமாகுமே?

மேலே இருக்கும் மூன்று பதில்களையும் படியுங்கள்.

அம்பாசமுத்திரம்: காலையில் டைவ், சாயங்காலம் மாஞ்சோலை. சரிதானே?

வேண்டாம். மாஞ்சோலை ஆயிரம் மீட்டருக்கு மேல். உடம்பில் தங்கிய நைட்ரஜன், காற்றழுத்தம் குறையக் குறையக் குமிழாகும். விமானம் ஏறுவதற்கு 18 மணி நேரம் விடுவதுபோல மலைக்கும் விடுங்கள். மறுநாள் மத்தியானம் போங்கள்.