முழங்கால் போட்டாயிற்று, வார்த்தை வரவில்லை: கேள்வி பதில்

ஜெபத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வந்தன: ஜெபிக்க உட்கார்கிறோம், வாய் திறக்க வரவில்லை. சி.எஸ்.ஐ. சபையில் ஆயராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். கேட்டவர்களில் கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தே சபையாரும் இருக்கிறார்கள். அவரவர் வழக்கத்தை ஒட்டியே பதில் சொல்லப் பார்க்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும்.

ஐயா, வீட்டுக்காரர் தவறி நாலு மாதம் ஆகிறது. முழங்கால் போட்டால் அழுகைதான் வருகிறது. "துதிக்க ஆரம்பி, எல்லாம் மாறும்" என்கிறார்கள். துதி வரவில்லை. விசுவாசம் போய்விட்டதா? (சாயர்புரம்)

வராத துதியை வலிந்து வரவழைக்க வேண்டாம், அம்மா. முழங்காலில் இருந்து அழுகிறீர்களே, அது ஜெபம் இல்லை என்று யார் சொன்னது? எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது நாரையைப் போலக் கூவினேன், புறாவைப் போலப் புலம்பினேன் என்றுதான் எழுதி வைத்தார் (ஏசாயா 38). 77ஆம் சங்கீதத்தைப் பாடியவர் தூக்கமும் இல்லை, பேச்சும் வரவில்லை என்கிறார். பவுல் அதற்கும் ஒரு படி மேலே போகிறார். என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியாத நேரத்தில் ஆவியானவர்தாமே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுகிறார் என்கிறார் (ரோமர் 8:26). பெருமூச்சுக்குத்தான் அங்கே இடம். நீங்கள் விடுகிற பெருமூச்சு அதோடு சேர்ந்துகொள்ளும்.

செய்ய ஒன்று சொல்கிறேன். 88ஆம் சங்கீதத்தைத் தினம் ஒரு தடவை, உங்கள் காதில் விழுகிற அளவுக்குச் சத்தமாக வாசியுங்கள். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது நம்பிக்கைப் பக்கம் திரும்பிவிடும். இது திரும்பாது. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே நிற்கும். அதை யாரும் வேதத்திலிருந்து வெட்டி எறியவில்லை. கத்தோலிக்கரின் அன்றாடச் செபப் புத்தகமான திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமை இரவு செபத்துக்கு இந்தச் சங்கீதத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கவும் தெம்பில்லாத நாளில் "ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வேலையைப் பாருங்கள். துதிக்கச் சொல்லி வருகிறவர்களோடு வாதாட வேண்டாம். காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வாலிபர் கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு ஜெபம் சொல்லச் சொல்கிறார்கள். என் முறை நெருங்க நெருங்க உள்ளங்கை வேர்க்கிறது. மற்றவர்கள் என்ன ஜெபித்தார்கள் என்பதே காதில் விழுவதில்லை. (தாம்பரம்)

இந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன். நம் சபைகளில் "அவர் நல்லா ஜெபிப்பார்" என்றால் மூச்சு விடாமல், வசனம் வசனமாக, குரல் ஏற்றி இறக்கி ஜெபிப்பார் என்று அர்த்தமாகிவிட்டது. பக்திக்கும் பேச்சுத் திறமைக்கும் முடிச்சுப் போட்டது நாம்தான். இயேசு சொன்னதோ நேர்மாறு: அதிக வசனிப்பினால் ஜெபம் கேட்கப்படும் என்று நினைக்காதீர்கள், நீங்கள் கேட்பதற்கு முன்னமே உங்கள் தேவை பிதாவுக்குத் தெரியும் (மத்தேயு 6). அதைச் சொல்லிவிட்டு அவர் கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிஷம் ஆகாது.

கூட்டத்தை நடத்துகிற அண்ணனிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். "என் முறை வரும்போது ஒரு வரிதான் சொல்வேன், அல்லது ஆமென் சொல்லிப் பக்கத்தில் இருப்பவருக்கு விட்டுவிடுவேன்." நல்ல தலைவர் என்றால் சரி என்பார். ஒரு வரியை வீட்டிலேயே யோசித்துக்கொண்டு போங்கள்: "ஆண்டவரே, பரீட்சை எழுதுகிற எங்கள் தங்கைகளுக்குத் துணையாக இரும். ஆமென்." முடிந்தது. யாராவது ஒரு மாதிரிப் பார்த்தால் அன்னாளை நினைத்துக்கொள்ளுங்கள். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே முடிவு கட்டினார் (1 சாமுவேல் 1). ஆலயத்தில் இருந்தவருக்கே அடையாளம் தெரியாத அந்த ஜெபத்துக்குப் பிறகு பிறந்தவர்தான் சாமுவேல்.

எழுதி வைத்த ஜெபத்தை வாசிப்பது உயிரில்லாத சடங்கு என்று எங்கள் பாஸ்டர் சொல்கிறார். எனக்கோ சொந்தமாக வருவதில்லை. (ஓசூர்)

உங்கள் பாஸ்டர் மேல் மரியாதை வைத்தே சொல்கிறேன், இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. சங்கீதப் புத்தகம் முழுவதும் எழுதி வைத்த ஜெபம்தானே? சிலுவையில் இயேசு "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. கெத்செமனேயில் மூன்றாம் தடவையும் அதே வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு குறிக்கிறார். பாடு உச்சத்தில் இருந்தபோது அவரே பழைய வார்த்தையை எடுத்துக்கொண்டார், சொன்னதையே திரும்பவும் சொன்னார்.

சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரிடம் அவருக்குச் சவரம் செய்கிற பேதுரு என்பவர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். அதற்குப் பதிலாக லூத்தர் 1535இல் ஒரு சின்னப் புத்தகமே எழுதிக் கொடுத்துவிட்டார். மனசு குளிர்ந்து போய் ஜெபத்தில் நாட்டம் இல்லாதபோது தானே என்ன செய்வார் என்று அதில் சொல்கிறார்: சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ ஆலயத்துக்கோ போய், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், சில சங்கீதங்கள் என்று சிறு பிள்ளைகள் ஒப்பிப்பது மாதிரிச் சொல்வாராம். அப்புறம் ஒரு கட்டளையை எடுத்துக்கொண்டு நாலு விதமாகப் பார்ப்பார். இது எனக்கு என்ன கற்றுத்தருகிறது, இதற்காக எதற்கு நன்றி சொல்ல வேண்டும், இதில் நான் எங்கே தவறினேன், இதை வைத்து என்ன கேட்கலாம். நடுவில் சொந்த வார்த்தை ஊற ஆரம்பித்தால் மற்றதை விட்டுவிட்டு அதோடு போகச் சொல்கிறார்.

"எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற ஒரே வரியில் நீங்கள் இதை ஆரம்பிக்கலாம். வாடகை, ரேஷன், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்த வரிக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

செபமாலை சொல்லும்போது விரல் பாட்டுக்கு நகர்கிறது, மனசு அடுப்பங்கரையில் இருக்கிறது. இது செபமா, ஃபாதர்? (மணப்பாடு)

நான் ஃபாதர் இல்லை அம்மா, ஆனாலும் சொல்கிறேன். அவிலா தெரேசம்மாள் செபத்தைப் பற்றியே புத்தகங்கள் எழுதியவர், திருச்சபை மறைவல்லுநர் என்று போற்றுகிற புனிதை. அவரே சில வருஷங்கள் செப நேரம் எப்போது முடியும் என்று கடிகாரச் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்ததாக எழுதியிருக்கிறார். கையில் புத்தகம் இல்லாமல் செபிக்க உட்காரத் துணிந்ததில்லை என்கிறார், அதுவும் 18 வருஷம்!

மணி என்பது மாடிப்படிக் கைப்பிடி. நீங்கள் எதையோ யோசித்துக்கொண்டு ஏறினாலும் கை அதிலேயே இருக்கிறது. மனசு போனது தெரிந்ததும் எந்த மணியில் இருக்கிறீர்களோ அங்கிருந்தே தொடருங்கள், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். அடுப்பங்கரைக்குப் போன மனசு அங்கே யாரைப் பற்றிக் கவலைப்பட்டதோ, அடுத்த பத்து மணியை அவருக்காகவே சொல்லிவிடுங்கள்.

அப்பா சபையில் மூப்பராக இருந்தவர். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. குடும்ப ஜெபத்தில் எங்கள் முகத்தைப் பார்த்துக் கண் கலங்குகிறார். அவருக்கு எப்படி உதவுவது? (நாகர்கோவில்)

தம்பி, முதலில் ஒரு நல்ல செய்தி. பக்கவாதத்தில் பேச்சு போனவர்களில் பலருக்கு, சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க முடியாவிட்டாலும், பல வருஷம் சொல்லிச் சொல்லி ஊறின வரிகளும் பாட்டும் வெளியே வருவதுண்டு. எண்களை வரிசையாகச் சொல்வது, பாடுவது, மனப்பாட ஜெபம் இவற்றுக்கு மூளை வேறு பாதையையும் பயன்படுத்துகிறது. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல முடியாதவர் பழைய கீர்த்தனையின் ஒரு சரணத்தைப் பாடுவதைப் பார்த்து வீட்டார் திகைப்பார்கள். எல்லாருக்கும் இப்படி வரும் என்று சொல்லவில்லை. முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

டிவியை அணைத்துவிடுங்கள். அவருக்கு நன்றாகத் தெரிகிற பக்கமாக, முகத்துக்கு நேரே உட்காருங்கள். அவர் வழக்கமாகப் பாடுகிற ராகத்தில், வழக்கத்தைவிட மெதுவாக ஆரம்பியுங்கள். பரமண்டல ஜெபத்தில் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள்..." என்று நிறுத்தி அவர் வாயைப் பார்த்துக் காத்திருங்கள். "பிதாவே" முழுதாக வராமல் "பி" மட்டும் வந்தாலும் போதும், திருத்தாமல் அடுத்த வரிக்குப் போங்கள். எதுவுமே வராவிட்டால் அவர் கையை உங்கள் தலைமேல் வைத்துக்கொள்ளுங்கள். ஆசீர்வதிக்க அது போதும், மூப்பருக்கு அந்த வேலை தெரியும். பேச்சுப் பயிற்சியாளரிடம் போகிறீர்கள் என்றால் அப்பாவுக்குப் பிடித்த பாடல்களையும் சொல்லி வையுங்கள்.

ஒரே ஒரு வரி சொல்லுங்கள் ஐயா. நீளமாக எதுவும் முடியவில்லை. (அபுதாபி)

"தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." சங்கீதம் 70:1. எகிப்து பாலைவனத் துறவிகள் நாள் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டிருந்ததை 5ஆம் நூற்றாண்டில் காசியான் என்ற துறவி எழுதி வைத்தார். இது நீளம் என்றால் லூக்கா 18இல் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், சொன்னது: "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." மூச்சை இழுக்கும்போது "தேவனே", விடும்போது மற்றது. லிஃப்டில் நின்றுகொண்டும் சொல்லலாம்.

அந்நியபாஷை வராததால்தான் ஜெபம் வறண்டிருக்கிறது என்கிறார்கள். (மதுரை)

அந்நியபாஷை, அதாவது ஜெபத்தில் தனக்கே தெரியாத மொழியில் பேசுவது, ஒரு வரம். வரங்கள் பல, ஆவியானவர் தம் சித்தப்படி பகிர்ந்து கொடுக்கிறார் என்று 1 கொரிந்தியர் 12இல் இருக்கிறது. எல்லாரும் அந்நியபாஷை பேசுகிறார்களா என்று பவுலே கேட்கிறார், இல்லை என்ற பதிலை எதிர்பார்த்து. உங்கள் வறட்சிக்கு அதைக் காரணமாக்க வேண்டாம்.

இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது. உபவாசம் இருந்து ஜெபிக்கச் சொல்கிறார்கள். (கோயம்புத்தூர்)

உபவாசம் வேண்டாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). கர்த்தர் அவரோடு பேசியது அதற்கப்புறம்தான்.

நீங்கள் சொல்கிற அறிகுறிகளுக்கு மருத்துவர் வேண்டும். மனநல மருத்துவரைப் பாருங்கள், மாத்திரை கொடுத்தால் போடுங்கள். அது அவிசுவாசம் ஆகாது. இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறதே, அதைத் தள்ளிப்போடாமல் இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். ஜெபத்தை இப்போதைக்கு மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, மாற்கு 2ஆம் அதிகாரத்தில், இயேசு பார்த்தது "அவர்கள் விசுவாசத்தை". படுத்துக் கிடந்தவன் வாய் திறந்ததாக அங்கே ஒரு வரியும் இல்லை.

தோழியின் குழந்தை ஐ.சி.யு.வில். பார்க்கப் போகிறேன். அங்கே என்ன ஜெபிப்பது என்று தெரியவில்லை. (வேலூர்)

இட்லி கட்டிக்கொண்டு போங்கள், ஃபோன் சார்ஜரும். அவள் பக்கத்தில் உட்காருங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. "கர்த்தருடைய சித்தம்" என்ற பேச்சையே எடுக்காதீர்கள். கிளம்பும்போது "ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் குழந்தையின் பெயரைச் சொல்லி "ஆண்டவரே, இரங்கும்" என்று முடித்துக்கொண்டு, நாளைக் காலை எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.