வேர்ப்பொடியும் மதிய மாத்திரையும் (கடிதம்)

வணக்கம் ஐயா,

பார்க்கின்சன் நோயில் நரம்பணுக்கள் சாகும் விதம் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அத்தாவுக்கு 64 வயது. தொண்டிப் பக்கம் இறால் பண்ணையில் நெடுங்காலம் வேலை பார்த்தார். குஞ்சு விடுமுன் குளத்தில் வேண்டாத மீனைக் கொல்ல ஒரு வேர்ப்பொடியை வெறுங்கையால் கரைத்து ஊற்றுவார். நடுக்கம் அதனால் வந்ததா? இன்னொன்று, காலையில் கேட்கிற மாத்திரை மதியம் கேட்பதில்லை. சோறும் விளமீன் ஆணமும் சாப்பிட்ட கையோடுதான் போடுகிறார்.

தொண்டி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அது என்ன பொடி என்று முதலில் விசாரியுங்கள். தேயிலை விதைப் புண்ணாக்கு என்றால் அதிலிருப்பது சபோனின். அது மீனின் செவுளையும் சிவப்பணுவையும் சிதைக்கும். சிவப்பணு இல்லாத இறால் தப்பிக்கும். டெர்ரிஸ் வேர் என்றால் அதிலிருப்பது ரோட்டினோன். உங்கள் கேள்வி அதற்குத்தான் பொருந்தும்.

உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் கைமாறிக்கொண்டே போகின்றன. அந்த வரிசையின் தொடக்கத்திலுள்ள காம்ப்ளெக்ஸ் 1-ஐ ரோட்டினோன் அடைத்துவிடுகிறது. ஆற்றல் குறைகிறது, தேங்கிய எலக்ட்ரான்கள் ஆக்சிஜனில் ஏறி, உயிரணுவையே அரிக்கும் சூப்பராக்சைடாகின்றன. 2000இல் அமெரிக்காவில் கிரீனமைர் குழுவினர் எலிகளின் ரத்தத்தில் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் வரை வாரக்கணக்கில் செலுத்திப் பார்த்தார்கள். மூளை முழுவதும் காம்ப்ளெக்ஸ் 1 தடைபட்டது. ஆனால் குறிப்பாகச் செத்தவை, உடலசைவுக்கு வேண்டிய டோபமினைச் சுரக்கும் நரம்பணுக்கள். பார்க்கின்சனில் சாவதும் அவைதான். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் காண்பது போலவே அவற்றுக்குள் ஆல்ஃபா-சினூக்ளின் என்ற புரதம் திரண்டிருந்தது. இந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இந்த இடத்தில்தான். அந்த அணுக்கள் ஓயாமல் தாமாகவே துடிப்பவை. ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே வரும் கால்சியத்தை வெளியே தள்ள ஆற்றல் வேண்டும். கிளைகளோ லட்சக்கணக்கான இணைப்புகளாகப் பரந்தவை. கையிருப்பே இல்லாத வீட்டில் வரும்படி நின்றால் என்ன ஆகுமோ அதுதான்.

ஆனால் ஒரே அளவு பெற்ற எலிகளிலும் எல்லாவற்றுக்கும் நோய் வரவில்லை. எலிக்கு நேரே ரத்தத்தில் போனது. குளத்து ரோட்டினோன் வெயிலில் சிதையும், தோல் வழியாகக் கொஞ்சமே ஏறும். பொடி மூச்சில் போவதுதான் கூடுதல் ஆபத்து. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ரோட்டினோனைக் கையாண்டவர்களிடம் நோய்க்கான வாய்ப்பு சுமார் 2.5 மடங்கு இருந்தது. அது பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. அத்தாவுக்கு இதனால்தான் வந்தது என்று காட்ட எந்தப் பரிசோதனையும் இல்லை. இப்போது கரைப்பவர்களுக்காவது கையுறையும் முகமூடியும் கொடுக்கச் சொல்லுங்கள்.

மாத்திரை விஷயம் நம் கையில் இருக்கிறது. இந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் மாத்திரையில் உள்ள மருந்து லெவோடோபா. அது ஓர் அமினோ அமிலம். மீன் செரித்து வரும் அமினோ அமிலங்களும் அதுவும் குடலில் ஒரே வாசலில் முண்டுகின்றன. மூளைக்குள் நுழையும் இடத்திலும் அதே நெரிசல். சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு தண்ணீரோடு போடட்டும். தவறினால், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. குமட்டினால் ஒரு வாய் வெறும் சோறு போதும். மீனை நிறுத்தாதீர்கள், இந்த நோயில் உடம்பு மெலியும். மதிய மீனை இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாத்திரையைத் திடீரென விட்டால் உடம்பு விறைத்துக் காய்ச்சல் வரை போகும், அதைச் செய்யவே வேண்டாம். மாத்திரை போட்டது, சாப்பிட்டது, நடுக்கம் அடங்கியது, மூன்றின் நேரத்தையும் ஒரு வாரம் குறித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதன் பிறகும் மதியம் கேட்கவில்லையென்றால் அளவை அவர் மாற்றுவார்.