நடு ஸ்டப்பைக் கம்பியாகவே வரையுங்கள்

கேள்வி: 145 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவுக்கு இரண்டு அரை அலைக் கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் கால் அலை ஷார்ட் ஸ்டப் (கால் அலை நீளமுள்ள, முனையில் இணைத்த இரட்டைக் கம்பி) கொடுத்திருக்கிறேன். 4நெக்2 என்ற ஆன்டெனா மாடல் மென்பொருளில் ஸ்டப்பை டிஎல் கார்டாக (டிரான்ஸ்மிஷன் லைனைக் குறிக்கும் உள்ளீட்டு வரி) போட்டால் மேல் கம்பியில் கரன்ட் குறைவாகவும் எதிர் ஃபேஸிலும் வருகிறது. தவறு டிசைனிலா, மாடலிலா? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: டிசைன் சரி. தவறு டிஎல் கார்டில்.

அந்தக் கார்டு, ஸ்டப்பின் இரு கால்களிலும் சமமாக, எதிரெதிராக ஓடும் கரன்ட்டை மட்டுமே கணக்கில் எடுக்கும். அந்தக் கரன்ட்டுக்குக் கால் அலை ஷார்ட் ஸ்டப் ஏறத்தாழத் திறந்த சுற்று. ஆகவே உங்கள் மாடலில் நடுவே வெறும் இன்சுலேட்டர்தான் இருக்கிறது. மேல் கம்பிக்குக் கிடைப்பது கீழ்க் கம்பியின் தூண்டல் மட்டும். அது ஏறக்குறைய எதிர் ஃபேஸில் வருவது இயல்பு. நிஜ ஸ்டப்பில் இரு கால்களிலும் ஒரே திசையில் ஓடும் கரன்ட்டும் உண்டு. இரு கம்பிகளும் எதிரெதிராக ஆட முயலும்போது, பக்கவாட்டில் நீண்டு நிற்கும் கால் அலைக் கம்பியாக அந்த ஆட்டத்தை அடக்குவது அதுதான். ஸ்டப் வேலை செய்வதே அதனால். டிஎல் கார்டுக்கு அது தெரியாது.

எனவே டிஎல்லை நீக்கிவிட்டு ஐந்து கம்பிகளாக வரையுங்கள். 3 மி.மீ. செம்புக் கம்பி, கால்களுக்கு நடுவே 25 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். கீழ்க் கம்பி 0 முதல் 1.000 மீ. உயரம் வரை, 41 செக்மென்ட் (கணக்குக்காகப் பிரிக்கும் சம துண்டுகள்). ஃபீட், அதாவது சிக்னல் நுழையும் இடம், 21-வது செக்மென்ட்டில். கீழ் முனையில் ஃபீட் கொடுப்பதற்கான ஜே மேட்சிங்கை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 1.000 மீ. உயரத்திலிருந்து பக்கவாட்டில் 0.515 மீ. போகும் கால், 20 செக்மென்ட். அதன் முனையில் 25 மி.மீ. ஷார்ட், ஒரே செக்மென்ட். 1.025 மீ. உயரத்தில் திரும்பி வரும் கால், மறுபடி 20. அங்கிருந்து மேல் கம்பி 2.025 வரை, 41. எல்லா செக்மென்ட்டும் ஏறத்தாழ 25 மி.மீ. வருவதால் இரு கால்களின் செக்மென்ட்களும் நேருக்கு நேர் நிற்கும். அவை ஒன்றுக்கொன்று விலகினால் நெக்-2 (4நெக்2-வுக்குள் கணக்குப் போடும் நிரல்) தவறான விடையை நம்பும்படியாகத் தரும். செக்மென்ட் நீளம் ஆரத்தைப் போல் 8 மடங்குக்குக் குறையக் கூடாது. இங்கே 17 மடங்கு இருக்கிறது.

கம்பிகளை மேலே சொன்ன வரிசையிலேயே, முனையிலிருந்து முனைக்குத் தொடராக எழுதுங்கள். மேல் கம்பியை மேலிருந்து கீழாக எழுதிவிட்டால் ஃபேஸ் 180 டிகிரி மாறித் தெரியும். நல்ல ஆன்டெனாவைக் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவீர்கள். தொடராக எழுதுவதில் இன்னொரு லாபமும் உண்டு: ஸ்டப்பின் எதிரெதிர் செக்மென்ட்களில் கரன்ட்டின் அளவும் ஃபேஸும் ஒன்றானால் அது வெறும் டிரான்ஸ்மிஷன் லைன். வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசம்தான் கதிர்வீசும் பங்கு.

முதல் ஓட்டம் தரையில்லாமல், இழப்பில்லாமல். எல்லாத் திசைகளுக்குமான சராசரி கெயின், மாடல் சரியா என்பதற்கான சோதனை; அது 0.95-க்கும் 1.05-க்கும் நடுவில் வர வேண்டும். பிறகு ஸ்டப் நீளத்தை 5 மி.மீ. படிகளில் மாற்றி, இரு கம்பிகளின் நடுச் செக்மென்ட் ஃபேஸ்களை ஒட்ட வையுங்கள். உச்சத் திசையில் கெயின் 3.8 டிபிஐ (எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்ட டெசிபல்) அருகே நிற்கும். 6 காட்டினால் மகிழ வேண்டாம். தரையை ஆன் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எஸ்டபிள்யூஆரை (ஃபீட் லைனில் திரும்பி வரும் அலையின் அளவுகோல்) வைத்து ஃபேஸைத் தீர்மானிக்கவே முடியாது.

பிளாஸ்டிக் உறையுள்ள இரட்டைக் கம்பியில் ஸ்டப் கட்டினால் மாடல் நீளம் அப்படியே பொருந்தாது. நெக்-2-வுக்கு உறை தெரியாது. வெட்டும் நீளம் குறையும். திறந்த செம்புக் கம்பியே நல்லது.

கடலூர், புதுச்சேரி மொட்டை மாடிகளுக்கு இன்னொன்றும் பார்த்தாக வேண்டும். இரு கம்பி முனைகளுக்கு நடுவே உள்ள இன்சுலேட்டரில்தான் மின்னழுத்தம் உச்சம். உப்புக் காற்று படிவதும் அங்கேதான். 1.000-க்கும் 1.025-க்கும் நடுவே ஒரு செக்மென்ட் கம்பி வைத்து, எல்டி கார்டில் (கம்பியில் மின்தடை சேர்க்கும் வரி) 10 கிலோ ஓம், பிறகு 5, 2 என்று கொடுத்து கெயின் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அதேபோல் ஷார்ட் செக்மென்ட்டில் 1 ஓம் போட்டுப் பாருங்கள். கரன்ட் உச்சம் அங்கே என்பதால் பச்சை பிடித்த ஸ்க்ரூ இணைப்பு அங்கே கூடவே கூடாது. பற்றவைத்து வார்னிஷ் பூசுங்கள்.

அரை மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டப், 2011-இல் வந்த ‘தானே’ புயல், 2024-இல் வந்த ஃபெஞ்சல் புயல் போன்ற காற்றில் தாங்காது. தொலைபேசி செத்துக் கிடக்கும் அந்த நாளுக்காகத்தானே இந்த ஆன்டெனா! ஸ்டப்பை மாஸ்ட்டை (ஆன்டெனாவைத் தாங்கும் கம்பம்) சுற்றி வளைக்கிறீர்கள் என்றால், அந்த வளையத்தையும் நேர்க் கம்பித் துண்டுகளாக வரைந்து மறுபடி ஓட்டுங்கள். மாஸ்ட் இரும்புக் குழாய் என்றால் அதையும் மாடலில் சேருங்கள்.