வெண்காரப் படிகம் வெளுத்தது ஏன்?

கேள்வி: கலிஃபோர்னியாவின் போரான் என்னும் ஊரிலுள்ள திறந்தவெளிச் சுரங்கத்தில் முன்பு வேலை பார்த்த நண்பர் ஒருவர், கண்ணாடிபோல் தெளிந்த வெண்காரப் படிகம் ஒன்றையும் கெர்னைட் என்னும் கனிமத் துண்டு ஒன்றையும் எனக்குக் கொடுத்தார். மூன்றே மாதத்தில் வெண்காரம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. கழுவினால் பழைய தெளிவு வருமா? இத்தகைய படிகங்களை நானே சென்று சேகரிக்கலாமா?
– வாசகி ஒருவர், சான் ஹோசே

பதில்: தயவுசெய்து கழுவாதீர்கள். வெண்காரம் நீரில் கரையும், முனைகள் மழுங்கிப்போகும். நம் பொற்கொல்லர்கள் நகை பற்றவைக்கப் பயன்படுத்தும் அதே வெண்காரம்தான் இது. அதன் எடையில் ஏறத்தாழ 47 சதவீதம், படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும் நீர். மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்த அந்த நீரில் ஒரு பகுதி, வறண்ட காற்றுப் பட்டதும் வெளியேறுகிறது. அப்போது மேற்பரப்பு டின்கால்கோனைட் என்னும் வேறொரு கனிமமாக மாறிவிடுகிறது. விரலில் மாவுபோல் ஒட்டுவது அதுதான். போன தெளிவு திரும்பாது என்று சொல்லவே வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் வடிவம் குலையாமல் உருமாறிய படிகத்துக்கும் மதிப்பு உண்டு, தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கெர்னைட்டின் கதை இதற்கு நேர்மாறானது. ஆழத்தில் புதைந்த வெண்காரம் வெப்பத்தால் நீரை இழந்து உருவானது அது. எனவே காற்றிலிருந்து சிறிது ஈரத்தை ஏற்று, அதுவும் டின்கால்கோனைட்டாகவே வெளுக்கும். 1926-இல் அந்த வட்டாரத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, கெர்ன் மாவட்டத்தின் பெயரையே பெற்ற கனிமம் இது. இரண்டு திசைகளில் மிக எளிதாகப் பிளக்கும் என்பதால், சற்று அழுத்திப் பிடித்தாலே நார்நாராகப் பிரிந்து, சிராய்போல் விரலில் ஏறிவிடும். என்னிடமுள்ள துண்டைச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தேன்; பிரித்தபோது தாளின் மடிப்புகளெல்லாம் பட்டுநூல்போல் மின்னும் ஊசிகள். இரண்டையும் தனித்தனியாக, இறுக மூடும் சிறு கண்ணாடிக் குப்பிகளில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். தூசியை உலர்ந்த மென்தூரிகையால் மட்டும் தட்டுங்கள். குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பதும், தொட்டபின் கை கழுவுவதும் அவசியம்.

சேகரிப்பதைப் பொறுத்தவரை, 1957-இல் திறந்தவெளி முறைக்கு மாறிய அந்தச் சுரங்கம் இன்றும் இயங்கிவருகிறது. அனுமதியின்றிக் குழிக்குள் இறங்க எண்ணவே கூடாது. சேகரிப்பாளர்களிடம் உள்ள பழைய துண்டுகளை, கிடைத்த இடமும் ஆண்டும் எழுதிய சீட்டோடு வாங்குவதே நல்ல வழி. அலமாரியில் திறந்து வைக்க விரும்பினால் கோல்மனைட் என்னும் கனிமத்தைத் தேடுங்கள். கால்சியம் போரேட்டான அது எளிதில் வெளுப்பதில்லை. போரான் ஊரில் கிடைக்கும் யூலெக்சைட் என்னும் கனிமமும் அழகானது: இருபுறமும் மெருகிட்ட நார்க்கட்டியை இந்தப் பக்கத்தின்மீது வைத்துப் பார்த்தால், அடியிலுள்ள எழுத்துகள் கல்லின் மேற்பரப்புக்கே எழுந்து வந்து நிற்கும்.